ஆறடி எட்டு அங்குலம்

உயரம் பாய்தலுக்கு அந்நாளில் அதிகம் தேவைப்படவில்லை. நட்டுவைத்த இரண்டு கம்பங்கள், ஒரு குறுக்குத்தடி, விழுவதற்கு ஒரு மணற்குழி. மெத்தைகள் பின்னால் வந்தவை. ஆகையினால்தான் போலும், செல்வம் குறைந்த குடியேற்ற நாடுகளின் பிள்ளைகள் உலக அரங்கில் முதலில் தலைநிமிர்ந்த போட்டிகளுள் இதுவும் ஒன்றாயிற்று.

நைஜீரியா பிரித்தானியர் ஆட்சியில் இருந்த காலம். 1950 இல் ஓக்லாந்தில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் அந்நாட்டு வீரர் ஜோசையா மஜெகொடுன்மி உயரம் பாய்தலில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் அவர் பாய்ந்தார். அதே போட்டியில் இலங்கைக்காகப் பாய்ந்தவர் நம்மவர், நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். அல்லைப்பிட்டியிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால், கோட்டைக்கு அண்மையில் இருக்கிறதே யாழ் மத்திய கல்லூரி, அதன் மாணவர்.

1954 இல் வன்கூவர் நகரில் அடுத்த பேரரசு விழா நடந்தது. நைஜீரியாவின் இமானுவேல் இபியாஜுனா இடது காலில் மட்டும் சப்பாத்து அணிந்து, வலது கால் வெறுங்காலாக ஓடிவந்து, ஆறடி எட்டு அங்குலம் பாய்ந்தார். சர்வதேச விளையாட்டு விழாவொன்றில் கறுப்பின ஆபிரிக்கர் பெற்ற முதல் தங்கம் என இதனைக் குறிப்பிடுவர். வெள்ளி உகண்டாவின் பற்றிக் எற்றொலுவுக்கு. வெண்கலம் மற்றொரு நைஜீரியருக்கு. மூன்று பதக்கங்களும் ஆபிரிக்காவுக்கே போயின.

நான்கு ஆண்டுகளின் பின், 1958 இல் டோக்கியோவில் ஆசிய விளையாட்டு விழா. எதிர்வீரசிங்கம் பாய்ந்த உயரம் 2.03 மீற்றர், அதுவும் அதே ஆறடி எட்டு அங்குலந்தான். ஆசிய விழாவில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அது.

அந்த விழா மே 24 முதல் ஜூன் 1 வரை நடந்தது. அதே நாட்களில் இலங்கையில் தமிழர் தாக்கப்பட்டனர், வீடுகள் எரிந்தன. மே 27 இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. கொழும்பில் அகதிகளானோர் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கினர். நாட்டுக்குத் தங்கம் வென்றவனின் இனத்தவர் அந்நாட்டிலேயே ஏதிலிகளாயினர்.

நைஜீரியாவிலும் இத்தகைய துயரம் நேர்ந்தது. இபியாஜுனா இராணுவ அதிகாரியானார். 1966 ஜனவரியில் பிரதமர் பலேவா கொல்லப்பட்ட புரட்சியை முன்னின்று நடத்தியவர்களுள் அவரும் ஒருவர். தொடர்ந்து இபோ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர், பயாபிரா பிரிந்தது. 1967 செப்ரெம்பரில், சதிக் குற்றஞ்சாட்டி, பயாபிரா அரசே அவரைச் சுட்டுக் கொன்றது.

எதிர்வீரசிங்கம் 1962 இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் வென்று, கல்வித்துறையில் பணியாற்றி, 2024 இல் அமெரிக்காவில் காலமானார்.

விளையாட்டு நாட்டை ஒன்றாக்கும் என்று மேடைகளில் சொல்வதுண்டு. இவ்விருவரின் வரலாறு அதற்குச் சான்று தரவில்லை. வீரன் கொண்டுவருவது பதக்கம் மட்டுமே. அவனைக் கொண்டாடும் நாடு அவன் மக்களையும் தன் மக்களாக நடத்துகிறதா என்பது ஆள்வோரின் கையில் இருப்பது. அந்தப் பொறுப்பை எந்தப் பதக்கத்தாலும் ஈடுசெய்ய இயலாது.