ஓர் எழுத்தும் ஓர் உப ஜனாதிபதியும்

1992 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15 ஆம் திகதி. அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத் தலைநகரான ட்ரென்டனில் உள்ள ஒரு பாடசாலைக்கு அந்நாட்டின் உப ஜனாதிபதி டான் குவெய்ல் சென்றிருந்தார். அங்கு மாணவர்களுக்கு எழுத்துக்கூட்டும் போட்டியொன்று நடைபெற்றது. உருளைக்கிழங்கைக் குறிக்கும் 'பொட்டேற்றோ' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுமாறு 12 வயதுச் சிறுவன் ஒருவனிடம் கூறப்பட்டது. அவன் பி, ஓ, ரி, ஏ, ரி, ஓ என்ற ஆறு எழுத்துக்களையும் பிழையின்றி எழுதினான்.

உப ஜனாதிபதி தமது கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். பாடசாலையில் தயாரிக்கப்பட்ட அந்த அட்டையில் சொல்லின் இறுதியில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தது. சிறுவன் சிறிதளவு விட்டுவிட்டதாக அவர் எடுத்துரைத்தார். சிறுவனும் பெரியவரின் சொல்லுக்குப் பணிந்து அந்த எழுத்தைச் சேர்த்தான். ஒளிப்படக் கருவிகள் அனைத்தையும் பதிவு செய்து கொண்டிருந்தன.

ஆங்கிலச் சொல்லொன்றின் எழுத்துப்பிழை ஓர் அரசியல்வாதியை இந்த அளவுக்குப் பின்தொடர்ந்த சம்பவம் வேறொன்று இல்லையெனலாம்.

முதலில் சொல்லைக் கவனிப்போம். ஒருமையில் இச்சொல்லின் இறுதியில் 'ஈ' வராது. பன்மையில் மாத்திரம் 'ஈ', 'எஸ்' ஆகிய இரண்டும் சேரும். தக்காளியைக் குறிக்கும் 'ரொமாற்றோ', வீரனைக் குறிக்கும் 'ஹீரோ', எதிரொலியைக் குறிக்கும் 'எக்கோ' ஆகியவற்றுக்கும் இதுவே விதி. ஆனால் 'பியானோ', 'போட்டோ' முதலிய சொற்கள் பன்மையில் 'எஸ்' மாத்திரமே பெறும். குழப்பத்தின் தோற்றுவாய் இங்கேதான் இருக்கிறது. கடையிலும் சமையற் குறிப்பிலும் இச்சொல்லைப் பெரும்பாலும் பன்மையிலேயே காண்கிறோம். அதிலிருந்து 'எஸ்' என்ற எழுத்தை மாத்திரம் நீக்கினால் ஒருமை கிடைத்துவிடும் என்று கை எண்ணிவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் இப்பிழையை விடுவதுண்டு.

அத்துடன், இப்பிழை வடிவம் முற்றிலும் அநாதையானதும் அல்ல. 18 ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்துக்களில் 'ஈ' சேர்ந்த ஒருமை வடிவத்தையும் காணலாம். அக்காலத்தில் எழுத்துக்கூட்டல் இன்றுள்ளது போன்று இறுக்கமாக இருக்கவில்லை. 1755 இல் சாமுவேல் ஜோன்சனின் அகராதியும், 1828 இல் அமெரிக்காவில் நோவா வெப்ஸ்ரரின் அகராதியும் வெளிவந்தன. இத்தகைய அகராதிகளும் அச்சகங்களும் பாடசாலைகளுமே காலப்போக்கில் ஒரு சொல்லுக்கு ஒரு வடிவம் என்ற ஒழுங்கை நிலைநாட்டின. 200 ஆண்டுகளுக்கு முன்னர் கவனிக்கப்படாமலே போயிருக்கக்கூடிய ஓர் எழுத்து 1992 இல் நகைப்புக்குரியதாயிற்று.

சொல்லின் பூர்வீகமே ஒரு குழப்பத்தில்தான் ஆரம்பமாகிறது. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த ரைனோ மக்கள் வத்தாளங்கிழங்கை 'பத்தாத்தா' என்றனர். தென்னமெரிக்க அந்தீஸ் மலைவாழ் மக்களின் கெச்சுவா மொழியில் உருளைக்கிழங்கின் பெயர் 'பாப்பா'. ஸ்பானியர் இரண்டையும் கலந்து 'பத்தாத்தா', 'பட்டாட்டா' எனப் பலவாறு வழங்கினர். ஆங்கிலத்தில் 'பொட்டேற்றோ' முதலில் குறித்தது வத்தாளங்கிழங்கையே. பின்னரே அப்பெயர் உருளைக்கிழங்குக்கு இடம்மாறியது. 1597 இல் மூலிகை நூலொன்றை வெளியிட்ட ஜோன் ஜெராட், பெரு நாட்டுக்குரிய உருளைக்கிழங்கை வட அமெரிக்காவின் வெர்ஜீனியாவுக்கு உரியதெனத் தவறாக எழுதி வைத்தார். தக்காளியின் ஆங்கிலப் பெயரும் முன்னர் 'ரொமாற்றே' என்றே முடிந்தது. உருளைக்கிழங்கின் பெயரைப் பார்த்தே அது 'ஓ' என்ற முடிவைப் பெற்றது.

ஒல்லாந்தர் இந்தச் சிக்கலுக்குள் செல்லாமல் 'நில அப்பிள்' என்ற பொருளில் 'ஆர்டாப்பல்' என்றனர். இலங்கையின் கரையோரத்தை அவர்கள் ஆண்டபோது அது சிங்களத்துக்குச் சென்று 'அர்த்தாப்பல்' ஆயிற்று. தமிழரோ அதன் வடிவத்தைப் பார்த்து உருளைக்கிழங்கு எனப் பெயரிட்டனர்.

இனி மனிதருக்கு வருவோம். 1988 இல் ஜோர்ஜ் புஷ் தமது உப ஜனாதிபதி வேட்பாளராகக் குவெய்லைத் தெரிவு செய்தபோது அவருக்கு வயது 41. அனுபவம் போதாதவர் என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் நடைபெற்ற தொலைக்காட்சி விவாதத்தில், நீர் ஜோன் கென்னடி அல்லர் என எதிர்த்தரப்பு வேட்பாளர் லொயிட் பென்ற்சன் அவரை மட்டந்தட்டினார். 1992 மே மாதம் 'மர்பி பிரவுண்' என்ற தொலைக்காட்சித் தொடரின் நாயகி தந்தையின்றிப் பிள்ளை பெற்றுக்கொள்வதை விமர்சித்து குவெய்ல் மேலும் சர்ச்சைக்குள்ளானார். அடுத்த மாதமே ட்ரென்டன் சம்பவம். ஏற்கெனவே வரையப்பட்டிருந்த கேலிச்சித்திரத்துக்கு அந்த ஒற்றை எழுத்து கையொப்பமாக அமைந்துவிட்டது.

அந்தச் சிறுவன் அவ்வாண்டு நியூயோர்க்கில் நடைபெற்ற ஜனநாயகக் கட்சி மாநாட்டின் மேடைக்கு அழைக்கப்பட்டான். நவம்பர் 3 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் பில் கிளின்ரனிடம் புஷ் தோல்வியடைந்தார். அத்தோல்விக்குப் பொருளாதாரம் உட்பட வலுவான காரணங்கள் பல இருந்தன. ஓர் எழுத்து ஆட்சியைக் கவிழ்த்தது என்பது மிகை. ஆயினும் 1994 இல் எழுதிய நினைவு நூலில், அது வெறும் வாய்தவறல் அல்ல, தமக்கு வரைவிலக்கணமாகிவிட்ட மிக மோசமான கணம் என குவெய்லே ஒப்புக்கொண்டார். அட்டையை நம்பியதாகவும் அவர் விளக்கமளித்தார்.

பத்திரிகைத் தொழிலில் இருப்போருக்கு அந்த அட்டை அந்நியமானதன்று. அச்சில் இருப்பது சரியாகவே இருக்கும் என்ற மயக்கம் ஒப்புநோக்காளரையும் ஆசிரியரையும் எளிதில் பற்றிக்கொள்ளும். நமக்குத் தெரிந்த ஒன்று எழுத்தில் வேறாகத் தென்பட்டால், நம்மை நாமே சந்தேகித்து அகராதியைத் திறக்காமலே விட்டுவிடுகிறோம். ட்ரென்டனில் சரியாக எழுதிய சிறுவனும் பணிந்தான். அட்டையை வைத்திருந்த பெரியவரும் பணிந்தார். ஒருவர் மனிதருக்கு, மற்றவர் காகிதத்துக்கு.

ஆனால் இவ்வரலாறு அங்கே முடியவில்லை. 1993 ஜனவரி 6 ஆம் திகதி, தேர்தல் கல்லூரி வாக்குகளை எண்ணும் காங்கிரஸ் கூட்டத்துக்கு உப ஜனாதிபதி என்ற வகையில் குவெய்லே தலைமை வகித்தார். தமது தோல்வியையும் தமது தலைவரின் தோல்வியையும் தாமே சபைக்கு அறிவித்தார். மாநிலங்கள் அனுப்பிய பத்திரங்களில் இருந்ததை இருந்தவாறே ஏற்பதுதான் அப்போது அவரது கடமையாயிற்று.

28 ஆண்டுகளின் பின்னர் அதே ஆசனத்தில் அமரவிருந்தவர் மைக் பென்ஸ். அவரும் குவெய்லைப் போன்று இந்தியானா மாநிலத்தவரே. 2020 தேர்தல் முடிவை மாற்றுமாறு ஜனாதிபதி ட்ரம்ப் நெருக்குதல் கொடுத்தபோது, பென்ஸ் குவெய்லிடம் ஆலோசனை கேட்டார் என பொப் வூட்வேர்ட்டும் ரொபர்ட் கொஸ்ராவும் 2021 இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளனர். உமக்கு அத்தகைய அதிகாரம் எதுவும் இல்லை என்பதே குவெய்லின் பதில். 2021 ஜனவரி 6 ஆம் திகதி காங்கிரஸ் கட்டடம் தாக்கப்பட்டது. எனினும் வாக்குகள் சட்டப்படி எண்ணப்பட்டு முடிவு உறுதிசெய்யப்பட்டது.

இன்றும் குவெய்லின் பெயரைக் கேட்டால் பலருக்கு நினைவுக்கு வருவது அந்த 'ஈ' எழுத்துத்தான். அந்த எழுத்தைச் செய்தியாக்கியதில் பத்திரிகைகள் தவறிழைக்கவில்லை. அந்த மனிதரை அவ்வெழுத்துக்குள்ளேயே பூட்டி வைத்தோமே, அப்பிழையை எந்த ஒப்புநோக்காளரும் இன்னும் திருத்தவில்லை.