போன வாயு திரும்பி வரும்

வாட்ஸப்பில் வருஷத்துக்கு நாலு தடவையாவது வந்துவிடும் செய்தி இது. இடது பக்கம் தஞ்சைப் பெரிய கோயில். வலது பக்கம் எங்கேயோ இடிந்து கிடக்கும் ஓர் அடுக்குமாடி. "இது ஆயிரம் வருஷமா நிக்குது. அது முப்பது வருஷம் தாங்கல." கீழே நம் முன்னோர் பெருமை நாலு வரி.

இதற்கு வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள். சோழர் காலத்தில் கட்டி விழுந்துபோன வீடுகளை யாரும் படம் பிடித்து அனுப்புவதில்லை, நின்றவை மட்டும்தான் நம் கண்ணில் படுகின்றன என்று. சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். இன்றைய கட்டடத்துக்குள் அந்தக் கோயிலைத் தாங்காத ஒரு பொருள் இருக்கிறது: இரும்புக் கம்பி. கான்கிரீட்டின் பலமும் ஆயுளும் அதன் கையில்தான். அந்தக் கதையைச் சுண்ணாம்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் அடுக்கிச் சுடுகிறோம். வேதியியலுக்கு இரண்டும் ஒன்றுதான், கால்சியம் கார்பனேட். சூட்டில் அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து போகிறது. சுத்தமான கல்லாக இருந்தால் 100 கிலோவில் 44 கிலோ வாயுவாகவே போய்விடும். மிச்சத்தை நீற்றி, மணல் சேர்த்து அரைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருக்கும் அதே வாயுவை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இழுத்து மறுபடியும் கல்லாகிறது. மதுரை திருமலை நாயக்கர் மகாலின் செங்கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது இந்தச் சுண்ணாம்புதான். அங்கே வாயு திரும்பி வருவதுதான் பலம். போனது வந்து சேர்ந்தால் வேலை முடிந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரோமானியர்கள் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்தார்கள். அந்தக் கலவை தண்ணீருக்கு அடியிலும் இறுகியது. ரோமில் உள்ள பாந்தியன் கோயிலின் குவிமாடம் 43 மீட்டர் அகலம், வயது ஏறக்குறைய 1900 வருஷம். உள்ளே ஒரு கம்பிகூட இல்லை. கான்கிரீட் என்பது அடிப்படையில் செயற்கைக் கல். அழுத்தினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். அதனால் எங்கும் அழுத்தமே மிகுந்திருக்கும்படி வளைவாகவும் கனமாகவும் கட்டினார்கள். பொருளின் குணத்துக்கு ஏற்ப வடிவம் அமைந்தது. தட்டையான மொட்டைமாடியை அவர்களால் அந்தக் கலவையில் போட்டிருக்க முடியாது.

நம் சிமெண்ட் வேறு வம்சம். 1750-களின் இறுதியில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய ஜான் ஸ்மீட்டன், களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் தண்ணீரில் இறுகும் சுண்ணாம்பு கிடைக்கிறது என்று கண்டார். 1824-ல் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின், சுண்ணாம்பையும் களிமண்ணையும் சேர்த்துச் சுடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தில் மதிப்புமிக்க போர்ட்லாண்ட் கல்லைப் போலத் தெரிந்ததால் 'போர்ட்லாண்ட் சிமெண்ட்' என்று பெயர். பின்னால் வந்தவர்கள் சூட்டை ஏற்றிக்கொண்டே போனார்கள். இன்றைய சூளையில் அது சுமார் 1450 டிகிரி. இந்தியாவில் 1904-ல் சென்னையில் கிளிஞ்சலை வைத்துச் சிமெண்ட் செய்யும் முயற்சி ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் நிலைத்தது.

இதில் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. சுண்ணாம்பு காற்றைக் குடித்து இறுகும், சிமெண்ட் தண்ணீரைக் குடித்து இறுகும். பல மணி நேரத்தில் கெட்டியாகி, 28 நாளில் கணக்குப் பார்க்கக்கூடிய பலத்துக்கு வந்துவிடும். சூளையில் துரத்திவிட்ட வாயு திரும்பி வரவேண்டிய அவசியமே இல்லை. அவசரக்கார நூற்றாண்டுக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

அடுத்து வருபவர் ஒரு தோட்டக்காரர். பிரான்சைச் சேர்ந்த ஜோசப் மோனியே. பூந்தொட்டிகள் உடைந்துகொண்டே இருந்ததால் சிமெண்டுக்குள் இரும்புக் கம்பி வலையை வைத்துத் தொட்டி செய்தார். 1867-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1892-ல் பிரான்சுவா ஹெனெபிக் தூண், உத்தரம், தளம் மூன்றையும் கம்பியால் ஒன்றாகப் பின்னும் முறையைக் காப்புரிமை செய்தார். இன்று நாம் வசிக்கும் வீடு கிட்டத்தட்ட அதன் வாரிசுதான்.

இந்தக் கல்யாணம் நிலைத்ததற்கு இரண்டு தற்செயல்கள் காரணம். ஒரு டிகிரி சூடு ஏறினால் இரும்பும் கான்கிரீட்டும் ஏறத்தாழ ஒரே அளவு, மீட்டருக்கு 10 முதல் 12 மைக்ரான், நீள்கின்றன. அப்படி இல்லையென்றால் முதல் சித்திரை வெயிலிலேயே பிய்த்துக்கொண்டு போயிருக்கும். இரண்டாவது, புதிய கான்கிரீட் கடுமையான காரம், பிஎச் 12-க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகித் துருப்பிடிக்காமல் காக்கிறது. அதாவது கான்கிரீட் கம்பிக்குச் சட்டை மட்டும் இல்லை, மருந்தும் அதுதான்.

இப்போது அந்த வாயு திரும்பி வருகிறது.

கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாகக் கரியமில வாயு உள்ளே நுழைந்து, அங்கிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. நாயக்கர் மகாலைக் கெட்டிப்படுத்திய அதே வேதிவினை. கான்கிரீட்டுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் காரம் குறைகிறது, பிஎச் 9-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கம்பியின் படலம் கரைகிறது, ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு பிடிக்கிறது. துரு இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளும். இழுத்தால் பிளப்பதுதானே கான்கிரீட்டின் குணம்? விரிசல் விழுந்து, ஒருநாள் சீலிங்கிலிருந்து பெயர்ந்து விழுகிறது. கடற்கரை ஊர்களில் உப்பு இன்னும் சீக்கிரம் உள்ளே போகும். வாயுவுக்காக அது காத்திருப்பதுகூட இல்லை.

இந்த வாயு நேர்க்கோட்டில் முன்னேறுவதில்லை, காலத்தின் வர்க்கமூலத்தில் முன்னேறுகிறது. 10 மில்லிமீட்டர் போக 10 வருஷம் எடுத்துக்கொண்டால், 20 மில்லிமீட்டர் போக 40 வருஷம் ஆகும். கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையில் உள்ள கான்கிரீட் கனத்தைத்தான் 'கவர்' என்கிறார்கள். இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சாதாரணச் சூழலில் 20 மில்லிமீட்டர் கேட்கிறது, கடற்காற்றில் நேரடியாக நிற்கும் கான்கிரீட்டுக்கு 45. கணக்கு புரிகிறதா? கவரைப் பாதியாக்கினால் ஆயுள் பாதியாவதில்லை, காலாகிவிடுகிறது.

எங்கள் வீட்டு மாடிக்குத் தளம் போட்டபோது நான் லீவு போட்டுக் கூடவே நின்றேன். கம்பியைச் சென்ட்ரிங் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்க, பிஸ்கட் அளவில் கவர் பிளாக் வைப்பார்கள். பாதித் தளத்தில் தீர்ந்துவிட்டது. "ஜல்லியவே அடியில குடுத்துக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றார் மேஸ்திரி. அந்த ஜல்லி ஒருவர் மிதித்தால் நகர்ந்துவிடும். பிறகு கலவையில் தண்ணீர். "கெட்டியா இருந்தா ஓடாது சார், ஆளுங்களால இழுக்க முடியாது." 1918-லேயே டஃப் ஆப்ராம்ஸ் என்ற அமெரிக்கர், சிமெண்டுக்கு மேல் தண்ணீர் விகிதம் ஏற ஏறப் பலம் குறையும் என்று சோதனை செய்து சொல்லிவிட்டார். உபரித் தண்ணீர் ஆவியாகப் போகும் வழிதான் பிற்பாடு வாயு உள்ளே வரும் வழி. மேஸ்திரியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி, சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும். அவர் செய்வதன் பலன் தெரிய இருபது வருஷம் ஆகும். அன்றைக்கு எல்லாமே வழவழவென்று அழகாகத்தான் இருக்கும். மென்பொருளில் இதை டெக்னிக்கல் டெப்ட் என்போம். இன்று மிச்சம் பிடித்த நேரத்துக்கு நாளைக்கு வேறு யாரோ கட்டும் வட்டி.

படித்தவர்கள், பணக்கார நாடு, உலகப் புகழ்பெற்ற பொறியாளர் என்று எல்லாம் இருந்தால் இது நடக்காதா? இத்தாலியின் ஜெனோவாவில் ரிக்கார்டோ மொராண்டி வடிவமைத்த பாலம் 1967-ல் திறக்கப்பட்டது. பாலத்தைத் தாங்கும் எஃகு வடங்களை வெளியே விடாமல் கான்கிரீட்டுக்குள் பொதிந்து வைத்தார். இரும்புக்குக் கான்கிரீட்தான் பாதுகாப்பு என்ற நம்பிக்கை. 1979-லேயே மொராண்டி, கடற்காற்றும் ஆலைப் புகையும் கான்கிரீட்டை அரிக்கின்றன என்று கட்டுரை எழுதிவிட்டார். 1990-களின் ஆரம்பத்தில் ஒரு கோபுரத்தின் வடங்களுக்கு வெளியே புது வடங்கள் போட்டு வலுப்படுத்தினார்கள். அந்த வேலை நடக்காத இன்னொரு கோபுரம் 2018 ஆகஸ்ட் 14 அன்று, மழை கொட்டிக்கொண்டிருந்த காலையில் சரிந்தது. 43 பேர் இறந்தார்கள். நீதிமன்றம் நியமித்த வல்லுநர்கள், வடத்தின் உச்சியில் கான்கிரீட்டுக்குள் இருந்த எஃகின் அரிப்பைக் காரணமாகக் காட்டினார்கள். வடம் வெளியே இருந்திருந்தால் யாராவது துருவைப் பார்த்திருப்பார்கள். காப்பாற்ற வைத்த சட்டையே நோயை மறைத்தது. லாக் எதுவும் எழுதாத சர்வர் மாதிரி, விழும்வரை எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும்.

பொதுவாகக் கான்கிரீட்டின் தரக் குறைபாட்டை ஒரு பக்கமும் சூழல் கேட்டை இன்னொரு பக்கமும் வைத்துப் பேசுகிறோம். முதலாவது சிவில் இன்ஜினியர் பிரச்சினை, இரண்டாவது சூழலியலாளர் பிரச்சினை என்று. எனக்கு இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்களாகத்தான் தெரிகின்றன.

உலகம் வருஷத்துக்குச் சுமார் 400 கோடி டன் சிமெண்ட் செய்கிறது. மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் இதிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. சூளையை நாளைக்கே சூரிய சக்தியில் ஓட்டினாலும் அந்தப் பங்கு குறையாது.

அந்த வாயுவில் ஒரு பகுதி திரும்பியும் வருகிறது. 1930 முதல் 2013 வரை சிமெண்டுக்காகக் கல்லிலிருந்து வெளியேறிய வாயுவில் சுமார் 43 சதவீதத்தைப் பூச்சுகளும் கான்கிரீட்டும் மறுபடி உறிஞ்சிவிட்டதாக 2016-ல் ஓர் ஆய்வு கணித்தது. வானத்துக்கு இது நல்ல செய்தி. சுவர்ப் பூச்சில் நடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கம்பியைத் தொடும் ஆழத்தில் நடந்தால் அதே நல்ல செய்தி வீட்டை இடிக்கும் செய்தி. 80 வருஷம் நிற்க வேண்டிய கட்டடத்தை 40 வருஷத்தில் இடித்துத் திரும்பக் கட்டினால், அதே இடத்துக்காகக் காளவாயை இரண்டு தடவை எரிக்கிறோம். மணலும் ஜல்லியும் இரண்டு தடவை. ஆறும் மலையும் இரண்டு தடவை.

மாற்று வழிகள் வருகின்றன. சாம்பல் கலந்த சிமெண்ட் நம் கடைகளில் பல வருஷமாகவே கிடைக்கிறது. சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக் கல்லையும் கலந்து வாயுவைச் சுமார் 30 சதவீதம் குறைக்கும் எல்சி3 சிமெண்டை உருவாக்கியதில் சென்னை ஐஐடிக்கும் பங்குண்டு. ஆனால் இவற்றில் காரத்தின் கையிருப்பு குறைவு. ஒழுங்காகத் தண்ணீர் நிறுத்தி ஆற்றாவிட்டால் வாயு இன்னும் வேகமாக உள்ளே போகும். பசுமையான சிமெண்ட் சோம்பேறித்தனத்தைக் கொஞ்சமும் மன்னிக்காது.

ஆகவே அடுத்து யார் வீட்டில் தளம் போட்டாலும் அங்கே நின்று மூன்று விஷயம் பாருங்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா, அல்லது ஜல்லியா? கலவையில் ஓஸ் பைப்பைத் திறந்துவிடுகிறார்களா? போட்ட மறுநாளிலிருந்து பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறதா, இரண்டாம் நாளே காய்ந்துவிட்டதா? ஒரு கவர் பிளாக்கின் விலை ஒரு டீயைவிடக் குறைவு. மேஸ்திரிக்கு அரைமணி நேரம் கூடுதலாகக் கூலி கொடுத்து அதைச் சரியாக வைக்கச் சொல்லுங்கள்.