பழைய பஸ்ஸுக்கு மாற்று எஞ்சின்: தேடுவது, சோதிப்பது, பதிவது

முள்ளந்தண்டில் காயமடைந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஒருவர் கிளிநொச்சியிலிருந்து றாகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்குப் போவதென்றால் சுமார் 300 கிலோமீற்றர் பயணம். சாதாரண பஸ் ஆசனத்தில் ஏழெட்டு மணிநேரம் அசையாமல் இருந்தால், ஆறுவதற்கு மாதக்கணக்கில் எடுக்கும் அழுத்தப்புண் அந்த ஒரே பயணத்தில் தொடங்கிவிடும். உணர்வில்லாத இடத்தில் புண் வருவது அவருக்கே தெரியாது. மலசலகூடத்துக்கு இறங்குவதற்கும் இருவர் தூக்க வேண்டும். பலர் கிளினிக் திகதியைத் தவறவிடுவதற்கு இதுவே காரணம்.

இதற்காகத்தான் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து பழைய மிற்சுபிசி றோசா பஸ் ஒன்றின் ஆசனங்களைக் கழற்றி, இரண்டு கட்டில்கள், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், சிறிய மலசலகூடம், காஸ் அடுப்பு, 200 லீற்றர் தண்ணீர்த் தாங்கி எல்லாம் பொருத்தி வைத்திருக்கிறோம். வெளிநாடுகளில் இப்படியான வாகனத்தை மோட்டார் ஹோம் என்று சொல்லி விடுமுறைக்கு எடுத்துப்போவார்கள். இங்கே அது வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் இடையில் ஓடுகிறது. ஓட்டுவதும் திருத்துவதும் என் பொறுப்பு.

சென்ற வருடம் அதன் எஞ்சினில் கனெக்டிங் றொட் ஒன்று உடைந்து புளொக்கைத் துளைத்து வெளியே வந்தது. மாற்று எஞ்சின் கண்டுபிடித்து, பூட்டி, பதிவு முடிக்க நான்கு மாதங்கள் சென்றன. அந்தத் தேடலில் அறிந்தவற்றையும் கராஜ் வேலையில் கண்டவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். பஸ் மட்டுமல்ல, லொறி, தண்ணீர் பவுசர், வான் வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

எஞ்சின் உண்மையிலேயே முடிந்துவிட்டதா?

மாற்று எஞ்சின் தேடுவதற்கு முன் பழையதைத் திருத்த முடியுமா என்று பார்க்க வேண்டும். கறுப்புப் புகை என்றால் பெரும்பாலும் நொசில், டீசல் பம்ப், அல்லது அடைபட்ட எயார் பில்டர். அதற்கு எஞ்சின் மாற்றத் தேவையில்லை. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. றிங், லைனர், வால்வ் சீல் தேய்ந்திருக்கலாம். வெள்ளைப் புகையோடு றேடியேற்றர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட் வெடிப்பு என்று சந்தேகிக்கலாம்.

ஒவ்வொரு சிலிண்டரின் கொம்பிறசனையும் அளந்து பாருங்கள். எல்லாம் சமமாகக் குறைந்திருந்தால் அது வயது. ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அந்த ஒன்றில்தான் நோய். புளொக்கும் கிராங்கும் நல்லதாக இருந்தால் லைனர், பிஸ்டன், பெயாறிங் மாற்றி ஓவர்ஹோல் செய்வதே பெரும்பாலும் நல்லது. எஞ்சின் இலக்கம் மாறாது. கந்தோர்களில் அலையத் தேவையில்லை. புளொக் உடைந்தால், அல்லது கிராங் இனிமேல் கிரைண்ட் பண்ண முடியாத அளவுக்குத் தேய்ந்தால்தான் மாற்று எஞ்சின்.

எது பொருந்தும்?

அதே இலக்க எஞ்சின் என்பதே முதல் விதி. எங்கள் பஸ்ஸில் இருந்தது 4டி33, 4.2 லீற்றர், நான்கு சிலிண்டர். இதே எஞ்சின் கன்ரர் லொறிகளிலும் வந்திருப்பது எங்கள் அதிர்ஷ்டம். இலங்கையில் கன்ரர் ஓடாத ஊர் இல்லை. ரொயோட்டா கோஸ்ரர் வைத்திருப்பவர்களில் சிலரின் வாகனத்தில் 1எச்இசட் இருக்கும். அதே ஆறு சிலிண்டர் எஞ்சின் லாண்ட் குறூசரிலும் உண்டு. ஆனால் அதன் விலை வேறு உலகம்.

லொறி எஞ்சினை அப்படியே தூக்கி பஸ்ஸில் வைக்கலாம் என்று விற்பவர் சொல்வார். புளொக் ஒன்றாக இருந்தாலும் சம்ப், மவுண்ட், எக்ஸோஸ்ட் மனிபோல்ட், காற்றாடி, ஏசி கொம்பிறசர் பிடிக்கும் தாங்கி ஆகியவை வேறுபடலாம். ஆகவே உடைந்த எஞ்சினைச் சுரண்டலுக்கு விற்றுவிடாதீர்கள். அதிலிருந்து கழற்றிப் பூட்டவேண்டியவை பல இருக்கும்.

இரண்டு விடயங்களைக் கட்டாயம் ஒப்பிட வேண்டும். ஒன்று மின்னழுத்தம். 24 வோல்ட் வாகனத்துக்கு 12 வோல்ட் ஸ்ராட்டரோடு எஞ்சின் வந்தால் ஸ்ராட்டர், அல்டனேற்றர் எல்லாம் மாற வேண்டும். மற்றது பிறேக். இந்த வகை வாகனங்கள் பலவற்றில் பிறேக்குக்கான வக்கியூம் பம்ப் அல்டனேற்றரின் பின்புறத்தில்தான் இருக்கும். அந்தப் பம்ப் இல்லாத அல்டனேற்றரைப் பூட்டினால் எஞ்சின் அழகாக ஓடும், பஸ் நிற்காது.

கணினியால் இயங்கும் புதிய எஞ்சின் கூடுதல் வலு தரும், குறைவாகப் புகைக்கும். இருந்தும் நான் பழைய பம்ப் எஞ்சினையே தெரிந்தெடுத்தேன். மதவாச்சிக்கும் புத்தளத்துக்கும் இடையில் இரவில் நின்றால், ஸ்பனரோடு வரக்கூடிய ஒருவரை எங்கேயாவது பிடிக்கலாம். கணினியோடு வருபவரைப் பிடிக்க முடியாது. உள்ளே கட்டிலில் ஒருவர் படுத்திருக்கும்போது இது சிறிய விடயமல்ல.

மண்ணெண்ணெய்க் காலம் சொன்ன பாடம்

1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டது நினைவிருக்கும். பெற்றோலைத் துளித்துளியாக விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் ஒரு தலைமுறையே அறியும். டீசல் வாகனங்களும் மண்ணெண்ணெயில் ஒயில் கலந்து ஓடின. அப்போது சில பம்புகள் சீக்கிரம் பழுதாகின, சில தாக்குப்பிடித்தன.

காரணம் இதுதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பிளஞ்சர் வரிசையாக நிற்கும் இன்லைன் பம்பின் கீழ்ப்பகுதி ஒயிலில் ஓடுகிறது. சுழலும் றோட்டரி பம்பின் உட்பாகங்களுக்கோ டீசலே ஒயில். மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழுவழுப்பு இல்லாததால் றோட்டரி பம்ப் விரைவாகத் தேயும். இன்றும் கலப்பட டீசல் அடிபடும் அச்சம் இருக்கும்வரை, இரண்டு வகையும் கிடைத்தால் இன்லைன் பம்போடு வரும் எஞ்சினை எடுங்கள்.

எங்கே தேடுவது?

முதலாவது இடம் கொழும்பு, பஞ்சிகாவத்தை. யப்பானிலிருந்து கழற்றி வரும் எஞ்சின்கள் அங்கே கடை கடையாகக் கிடக்கும். ஒரே நாளில் வாங்கிவிட வேண்டும் என்று போகாதீர்கள். முதல் நாள் விலையும் இலக்கமும் கேட்டு எழுதிக்கொண்டு, பேச்சுக்கு அசையாமல் திரும்பி வந்துவிட வேண்டும். சிங்களம் பேசக்கூடிய, எஞ்சின் தெரிந்த ஒருவர் கூட இருப்பது நல்லது.

இரண்டாவது, விபத்தில் சிக்கிய உள்ளூர் லொறி. முன்பக்கம் நசுங்கியிருந்தாலும் எஞ்சின் நன்றாக இருக்கலாம். அது ஓடிய விதம், யாரிடம் இருந்தது என்பதை விசாரிக்க முடிவது இதன் பெரிய நன்மை. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், உடைந்த லொறியையும் திருத்தி ஓடவைக்கும் நிலை வந்தது. அதனால் கழிக்கப்படும் லொறிகள் குறைந்தன. 2025இல் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இந்த நிலைமை மெல்ல மாறலாம்.

மூன்றாவது, கராஜ்காரர் ஓவர்ஹோல் செய்து விற்பது. என்னென்ன மாற்றப்பட்டது, கழற்றிய பழைய பாகங்கள் எங்கே என்று கேளுங்கள். உண்மையாகச் செய்தவரிடம் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும்.

மணலில் கிடந்தவை

நான்காவது இடம் ஒன்றும் உண்டு. அதைப் பற்றி எழுதாமல் விட முடியாது. 2009இல் மக்கள் தங்கள் பஸ், லொறி, உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றோடும் முள்ளிவாய்க்கால்வரை போனார்கள். உயிரோடு வெளியே வந்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். வாகனங்கள் அங்கேயே குவிந்து கிடந்து துருப்பிடித்தன. சிலருக்குத் தங்கள் வாகனம் திரும்பக் கிடைத்தது. பல வாகனங்கள் பழைய இரும்பாகப் போயின. அவற்றிலிருந்து கழன்ற பாகங்கள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன.

எனக்கும் ஒருவர் அப்படியான எஞ்சின் ஒன்றை மலிவாகத் தருவதாகச் சொன்னார். நான் எடுக்கவில்லை. தொழில்நுட்பக் காரணம் ஒன்று: கடற்கரை மணலிலும் உப்புக்காற்றிலும் மழையிலும் கிடந்த எஞ்சினில் தண்ணீர் ஓடும் வழிகளை உப்பு அரித்திருக்கும். சிலிண்டர் சுவரிலும் துரு குழி விழுத்தியிருக்கும். வெளியே சுத்தமாக்கிப் பெயின்ற் அடித்தால் எதுவும் தெரியாது.

மற்றக் காரணம், அந்த எஞ்சினில் இன்னும் இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கம் எங்கேயோ ஒரு வீட்டில், பத்திரங்களோடு பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் பதிவுப் புத்தகத்திலும் இருக்கக்கூடும். அந்தப் புத்தகத்தில் பெயருள்ளவர் இன்றுவரை வராமல் இருக்கலாம். எஞ்சின் வாங்கும் எவரும் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இது எந்த வாகனத்தில் இருந்தது என்பதைத்தான். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

வாங்குமுன் சோதனை

1. எஞ்சின் இலக்கத்தைத் துடைத்து, வெளிச்சம் அடித்துப் பாருங்கள். கிரைண்டர் அடித்த தடம், சமமில்லாத எழுத்து, புதுப் பெயின்ற் இருந்தால் விட்டுவிடுங்கள்.
2. கிராங்கைப் பெரிய ஸ்பனரால் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். ஓரிடத்திலும் இறுகக்கூடாது.
3. ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். பால்போல வெளிறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கறுத்த களிபோலிருந்தால் ஒயில் மாற்றாமல் ஓடிய எஞ்சின்.
4. சம்பைக் கழற்ற அனுமதி கேளுங்கள். உள்ளே பளபளக்கும் உலோகத் துகள் இருக்கக்கூடாது. முடிந்தால் ஒரு பெயாறிங் மூடியைத் திறந்து பாருங்கள்.
5. கானில் டீசல் வைத்து ஸ்ராட் செய்து குறைந்தது இருபது நிமிடம் ஓடவிடுங்கள். ஒயில் மூடியைத் திறந்ததும் புகை அடித்துக்கொண்டு வந்தால் றிங் தேய்ந்திருக்கிறது. சூடேறிய பின்னரும் ஒயில் அழுத்தம் நிற்க வேண்டும். நிறுத்தி, ஆறுமுன் மறுபடி ஸ்ராட் செய்து பாருங்கள்.
6. பம்ப், ஸ்ராட்டர், அல்டனேற்றர், கிளட்ச் எதெது விலையில் அடங்கும் என்று முன்கூட்டியே பேசுங்கள்.

பற்றுச்சீட்டில் எஞ்சின் இலக்கம், திகதி, கடையின் முத்திரை, திருப்பி எடுக்கும் நாட்கள் எல்லாம் எழுதப்பட வேண்டும். இறக்குமதி எஞ்சின் என்றால் சுங்கப் பத்திரத்தின் பிரதியும் கேளுங்கள். ஒரு கடையில் எங்களுக்கு இலக்கமில்லாத பற்றுச்சீட்டே தருவோம் என்றார்கள். நாங்கள் வேறு கடைக்குப் போனோம்.

பத்திரங்கள்

பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் இருப்பதால், எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்த வேண்டும். ஆசனங்களைக் கழற்றிக் கட்டில் போடுவதும் வாகனத்தின் அமைப்பை மாற்றுவதுதான். அதற்கான அனுமதியையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள். இலக்கம் பொருந்தாத வாகனம் விபத்தில் சிக்கினால் காப்புறுதிக் கோரிக்கை சிக்கலாகும். சோதனையில் மறிக்கும்போதும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும். புகைச் சோதனையில் தேறாவிட்டால் வருடாந்த வருமான வரி அனுமதிப்பத்திரமும் கிடைக்காது.

எமது மக்களுக்கு இதில் தனியான ஒரு சிக்கல் இருக்கிறது. பதிவுப் புத்தகம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு பதிந்து, திணைக்களத்தில் இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பதிவு உரிமையாளரே காணாமலாக்கப்பட்டவராக இருந்தால்? மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனமையைக் குறிக்கும் சான்றிதழ் ஒன்றை ஏற்படுத்தியது. அதை எடுப்பதா இல்லையா என்பது குடும்பத்தின் முடிவு. யாரும் வற்புறுத்த முடியாது. எப்படியிருந்தாலும், உரிமைப் பிரச்சினைக்குச் சட்டத்தரணியிடம் வழி கேட்ட பின்னரே எஞ்சினுக்குக் காசு கொடுங்கள். பதிய முடியாத எஞ்சினில் போட்ட காசு முடங்கிவிடும்.

பூட்டும்போது

எஞ்சினின் விலையோடு செலவு முடியாது. எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேற், பின்பக்க ஒயில் சீல், வோட்டர் பம்ப், தேர்மோஸ்ராற், றப்பர் குழாய்கள், மவுண்ட் றப்பர் எல்லாவற்றையும் புதிதாக்குங்கள். பிறகு இவற்றில் ஒன்றுக்காக எஞ்சினைத் திரும்ப இறக்குவது இரட்டைக் கூலி. டீசல் தாங்கியையும் கழற்றிக் கழுவ வேண்டும்.

றேடியேற்றரை மறக்காதீர்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. கேத்திலின் அடியில் படிவதுபோலவே றேடியேற்றர்க் குழாய்களிலும் எஞ்சின் உள்வழிகளிலும் அது படியும். றேடியேற்றரைத் திறந்து சுத்தமாக்கி, கூலன்ற் விடுங்கள். வழியில் ஊற்றவேண்டி வந்தால் வடித்த மழைநீர் ஒரு கான் வண்டியில் இருக்கட்டும்.

பூட்டி முடிந்ததும் நோயாளிகளோடு புறப்படாதீர்கள். கட்டில், தண்ணீர், ஆட்களின் எடைக்குச் சமமாக அரிசி மூட்டைகளை ஏற்றி நாங்கள் ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணம்வரை போய்வந்தோம். பிறகு வவுனியா. ஒவ்வொரு முறையும் ஒயில், தண்ணீர், கசிவு, மவுண்ட் நட்டுகள் பார்த்தோம். முதல் 500 கிலோமீற்றர் முடிந்ததும் ஒயிலையும் பில்டரையும் மாற்றினோம். அதன்பிறகுதான் றாகம.

பற்றுச்சீட்டு, சுங்கப் பிரதி, எஞ்சின் இலக்கத்தின் புகைப்படம், பதிவுச் சான்றிதழ், ஒயில் மாற்றிய திகதிகள் எல்லாம் இப்போது ஒரே கோப்பில் இருக்கின்றன. அதில் ஒரு பிரதியை பஸ்ஸுக்குள்ளும், இன்னொன்றை வேறொருவரின் வீட்டிலும் வைத்திருக்கிறோம். புத்தகங்களைத் தொலைத்துவிட்டு வருடக்கணக்கில் கந்தோர் வாசலில் நின்ற ஊர் எங்களுடையது. நீங்களும் அப்படியே இரண்டு இடத்தில் வைத்திருங்கள்.