ஊடுருவி உள்ளே வந்துவிட்டால்? "இணைய மீள்திறன்" பற்றித் தெரிந்துகொள்வோம்

எந்தப் பூட்டையும் ஒருநாள் யாராவது உடைக்கலாம். அப்படி உடைத்துவிட்டால் அடுத்து என்ன? அதற்கான பதில்தான் இணைய மீள்திறன்.

ஊடுருவலைத் தடுப்பது இணையப் பாதுகாப்பு. தாக்குதலுக்கு ஆளான பிறகும் தொடர்ந்து இயங்கி, விரைவில் பழைய நிலைக்குத் திரும்புவது மீள்திறன். ராணுவத்துக்கு இரண்டும் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

2022 பிப்ரவரி 24. ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் நுழைந்த அதே நாளில், வியாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையச் சேவை தாக்கப்பட்டது. பல்லாயிரம் மோடம்கள் செயலிழந்தன. உக்ரேனிய ராணுவமும் அந்தச் சேவையைப் பயன்படுத்தி வந்தது.

மத்திய ஐரோப்பாவில் சுமார் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. ஆனால் காற்றாலைகள் நிற்கவில்லை! தொடர்பு அறுந்தாலும் தானாக இயங்கும்படி அவற்றை முன்பே வடிவமைத்திருந்தார்கள்.

அறிவார்ந்த கருவிகளையும் ஏமாற்றலாமா?

ஏமாற்றலாம். அதற்கு ஊடுருவவே தேவையில்லை.

2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் "நிறுத்து" எனும் சாலைப் பலகையில் சில கறுப்பு, வெள்ளை ஸ்டிக்கர்களை ஒட்டினர். மனிதருக்கு அது அதே பலகைதான். செயற்கை நுண்ணறிவோ அதை வேகக் கட்டுப்பாட்டுப் பலகை என்று நினைத்துவிட்டது.

இலக்கைத் தேடும் ஆளில்லா வானூர்தி பள்ளிப் பேருந்தைப் பார்த்து ராணுவ வாகனம் என்று நினைத்தால்? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

ஆய்வாளர்கள் என்ன செய்கிறார்கள்?

* ஏமாற்றக்கூடிய படங்களைக் காட்டியே செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கிறார்கள்.

* ஜிபிஎஸ் சமிக்ஞையைப் போலியாக அனுப்ப முடியும். அதனால் கேமரா, அசைவை அளக்கும் உணர்கருவி ஆகியவற்றோடும் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிறார்கள்.

* ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவில் மனிதரின் பொறுப்பு எங்கே இருக்கவேண்டும் என்று ஆராய்கிறார்கள்.

சிங்கப்பூரில் எப்படி?

2017இல் தற்காப்பு அமைச்சின் இணையக் கட்டமைப்பு ஊடுருவப்பட்டது. தேசியச் சேவையாளர்கள், ஊழியர்கள் என 850 பேரின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்டன. ரகசியத் தகவல்கள் தப்பின. அவை இணையத்தோடு இணைக்கப்படாத வேறு கட்டமைப்பில் இருந்ததுதான் காரணம்.

அடுத்த ஆண்டு அமைச்சே வெளி நிபுணர்களை அழைத்துத் தன் இணையத்தளங்களைச் சோதிக்கச் சொன்னது. 35 குறைபாடுகள் தெரியவந்தன. கண்டுபிடித்தவர்களுக்கு வெகுமதியும் கிடைத்தது.

2019இல் மின்னிலக்கத் தற்காப்பு, முழுமைத் தற்காப்பின் 6ஆவது தூணானது. 2022 அக்டோபரில் ஆயுதப் படையில் மின்னிலக்க, உளவுச் சேவை நான்காவது படைப்பிரிவாகத் தொடங்கப்பட்டது.

உங்களுக்கு இதில் என்ன?

தேசியச் சேவைக்குப் போகப்போறீங்களா? கையில் இருக்கும் கருவி எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், "இது சொல்வது சரிதானா? இது நின்றுபோனால் நான் என்ன செய்வேன்?" என்று கேட்டுப் பழகுங்கள். அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் வைத்திருப்பவர்தான் தாக்குதலின்போது தடுமாற மாட்டார்.