ஆளிலிருந்து தாளுக்கு: முகவரிச் சான்றின் வரலாறு

இந்தியாவில் வங்கிக் கணக்குத் தொடங்க வருபவரிடம் இன்று தவறாமல் கேட்கப்படும் வினா, "முகவரிச் சான்று இருக்கிறதா?" என்பது. கால் நூற்றாண்டுக்கு முன் அதே மேசையில் வேறொரு வினா கேட்கப்பட்டது: "உங்களை இங்கு யாருக்குத் தெரியும்?" ஒரு வினா மறைந்து மற்றொன்று வந்த கதை, நம்பிக்கை ஆளிடமிருந்து தாளுக்கு இடம்பெயர்ந்த கதையாகும்.

பழைய வணிக உலகில் நம்பிக்கைக்கு ஆதாரம் இடமன்று, ஆளே. வட இந்தியக் கடைவீதிகளில் புழங்கிய 'ஷா ஜோக்' உண்டியலுக்குரிய பணம், சந்தையில் நன்மதிப்புப் பெற்ற ஒருவர் வழியாக வந்தால் மட்டுமே வழங்கப்பட்டது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் தொழில் வழக்கில் 'விலாசம்' என்னும் சொல் தெருவையோ கதவெண்ணையோ குறிக்கவில்லை. உரிமையாளர், முன்னோர் ஆகியோரின் பெயர் முதலெழுத்துகளால் அமைந்த நிறுவனக் குறியையே அது குறித்தது. 'எங்கே' என்பதற்கன்று, 'யார்' என்பதற்கே விலாசம் விடையளித்தது.

நவீன வங்கிகள் இம்மரபைச் சட்டத்தின் துணையோடு தொடர்ந்தன. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 131ஆம் பிரிவு, கீறலிட்ட காசோலையை நன்னம்பிக்கையுடனும் கவனக்குறைவின்றியும் வசூலித்துக் கொடுக்கும் வங்கிக்குப் பாதுகாப்பளிக்கிறது. 'கவனக்குறைவு' எது என்பதே சிக்கல். இங்கிலாந்தில் 1914இல் தீர்ப்பான லாட்புரோக் எதிர் டாட் வழக்கில், திருடப்பட்ட காசோலையுடன் வந்த முன்பின் அறியாத ஒருவருக்கு விசாரணையின்றிக் கணக்குத் தொடங்கியது வங்கியின் கவனக்குறைவாகக் கொள்ளப்பட்டது. இவ்வகைப் பொறுப்பிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவே இந்திய வங்கிகள், ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவரின் அறிமுகக் கையொப்பத்தைக் கேட்டன. ஊரில் செல்வாக்குள்ளவருக்கு அது எளிதாக இருந்தது. பிழைப்புத் தேடி வந்தவரோ ஒரு கையொப்பத்துக்காக முதலாளியையும் கடைக்காரரையும் அண்டி நிற்க நேர்ந்தது.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. பணச்சலவையைத் தடுக்க 1989இல் பன்னாட்டு நிதி நடவடிக்கைப் பணிக்குழு உருவானது. வாடிக்கையாளரை ஆராய்ந்தறிவது குறித்துப் பேசல் வங்கி மேற்பார்வைக் குழு 2001இல் நெறிகளை வெளியிட்டது. அவ்வழியில் இந்திய ரிசர்வ் வங்கி 2002 ஆகஸ்டில் 'வாடிக்கையாளரை அறிந்துகொள்' நெறிகளை வகுத்து, 2004 நவம்பரில் அவற்றை விரிவாக்கியது. 2002ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2005 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அறிமுகக் கையொப்பம் இருந்த இடத்தில் கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, மின்கட்டண ரசீது ஆகியவை அமர்ந்தன.

முதலாளியின் தயவு இனித் தேவையில்லை என்ற அளவில் இது விடுதலையே. ஆயினும் தாள் வீட்டைச் சார்ந்தது. எழுத்து ஒப்பந்தமின்றிக் குடியிருப்பவர், கட்டுமானத் தளத்திலேயே உறங்கும் தொழிலாளி, எந்த ரசீதிலும் பெயர் இடம்பெறாத இல்லத்தரசி ஆகியோருக்கு வீடு இருந்தும் சான்று இல்லை. மின்கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவராயினும் ரசீதில் இருப்பது வீட்டு உரிமையாளரின் பெயர்.

இக்குறையை அரசும் ரிசர்வ் வங்கியும் விரைவிலேயே உணர்ந்தன. சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதம் நிறைவதற்குள், 2005 ஆகஸ்டில், குறைந்த தொகைக் கணக்குகளுக்கு அறிமுகம் செய்பவர் மீண்டும் அனுமதிக்கப்பட்டார். புதியவரின் முகவரியைச் சான்றளிக்கும் பொறுப்பும் அவருக்கே தரப்பட்டது. 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் தேம்ப்லி சிற்றூரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. அத்திட்டத்திலும் ஆவணமற்றோருக்காக 'அறிமுகம் செய்பவர்' ஒருவர் தேவைப்பட்டார். 2010 டிசம்பர் விதித் திருத்தம், வங்கி அலுவலர் முன் இடும் கையொப்பத்தாலோ கைநாட்டாலோ, ஒரு புகைப்படத்துடன், 'சிறு கணக்கு' தொடங்க வழிவகுத்தது. அதில் இருப்பு 50,000 ரூபாயையும், ஓராண்டு வரவு ஒரு லட்சத்தையும், மாத எடுப்பு 10,000 ரூபாயையும் தாண்டலாகாது. 2014 ஜூனில் ரிசர்வ் வங்கி, ஒரே ஒரு முகவரிக்குச் சான்று போதும் என்றது. தற்போதைய இருப்பிடம் வேறாக இருப்பின், வாடிக்கையாளரின் சொந்த உறுதிமொழியே ஏற்கப்பட்டது.

இவ்விலக்குகள் அனைத்திலும் ஒரே உண்மை தெரிகிறது. தாளால் முடியாத இடத்தில், ஒழுங்குமுறை மனிதரின் சொல்லுக்கே திரும்பியிருக்கிறது. ஆயினும் அச்சொல்லுக்கு இன்னும் முழு மதிப்பில்லை. சான்றுடையவரின் கணக்கு வரம்பின்றி இயங்க, சொல்லை மட்டும் உடையவரின் கணக்குக்கு 50,000 ரூபாயில் எல்லை போடப்பட்டிருக்கிறது. ஆதலால், சொந்த உறுதிமொழி ஏற்கப்படும் என்னும் விதியை ஒரு கிளை அலுவலர் அறிந்திருக்கிறாரா என்பது, அவர் எதிரே நிற்கும் இடம்பெயர்ந்த தொழிலாளியின் கூலி எங்கே சேமிக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது.