மேடே (இடர் அழைப்பு)

மேடே என்பது வானூர்தி அல்லது கப்பலில் உள்ளோரின் உயிருக்கு உடனடி ஆபத்து நேரும்போது வானொலித் தொலைபேசி வழியாக விடுக்கப்படும் பன்னாட்டு இடர் அழைப்பு ஆகும். இவ்வழைப்பு பிற வானொலித் தொடர்புகள் அனைத்தையும் விட முன்னுரிமை பெறும்.

சொல் தோற்றம்

இலண்டனின் குரோய்டன் வானூர்தி நிலையத்தில் வானொலி அலுவலராக இருந்த பிரடெரிக் மாக்ஃபோர்டு என்பவர் 1920களில் இச்சொல்லை உருவாக்கினார். "எனக்கு உதவுங்கள்" எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலிப்பைத் தழுவியது இது. மே தினத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1927ஆம் ஆண்டு வாசிங்டன் வானொலி மாநாட்டில் இது ஏற்கப்பட்டது.

பயன்படுத்தும் முறை

இச்சொல் மும்முறை கூறப்படும். தொடர்ந்து அழைப்புக் குறி, இடரின் தன்மை, இருப்பிடம், பயணிப்போர் எண்ணிக்கை முதலியன தெரிவிக்கப்படும். வானூர்திகள் தாம் தொடர்பிலுள்ள அலைவரிசையிலோ 121.5 மெகாஹெர்ட்ஸிலோ அழைக்கலாம். கப்பல்களும் மீன்பிடி படகுகளும் 16ஆம் அலைவரிசையைப் (156.8 மெகாஹெர்ட்ஸ்) பயன்படுத்துகின்றன. பொய்யான அழைப்பு பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றமாகும்.

தொடர்புடைய தொடர்கள்

* பான்-பான்: அவசர நிலை; ஆயினும் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை.
* மினிமம் ஃபியூவல்: எரிபொருள் குறைவாக உள்ளது, மேலும் தாமதத்தை ஏற்கவியலாது. இது இடர் அறிவிப்பு அன்று.
* மேடே ஃபியூவல்: தரையிறங்கும்போது எரிபொருள் இறுதிச் சேமிப்பை விடக் குறைந்துவிடும். தாரை வானூர்திகளுக்கு இச்சேமிப்பு 30 நிமிடப் பறப்புக்கு உரியது.

சொல்லின் முக்கியத்துவம்

1990 சனவரி 25 அன்று நியூயார்க் நோக்கிச் சென்ற அவியான்கா 52 வானூர்தி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் காத்திருக்க வைக்கப்பட்டது. வானோடிகள் "முன்னுரிமை" வேண்டும் என்றும் எரிபொருள் தீர்ந்து வருகிறது என்றும் ஆங்கிலத்தில் தெரிவித்தனர். ஆனால் இடர்நிலையை முறைப்படி அறிவிக்கவில்லை. கட்டுப்பாட்டாளர்கள் நிலைமையின் கடுமையை உணரவில்லை. எரிபொருள் தீர்ந்து வானூர்தி வீழ்ந்ததில் 158 பேரில் 73 பேர் இறந்தனர்.

இந்தியாவில் 1996 நவம்பர் 12 அன்று சர்க்கி தாத்ரிக்கு மேலே இரு வானூர்திகள் மோதி 349 பேர் இறந்தனர். கசக்கஸ்தான் வானோடிகளின் ஆங்கிலக் குறைபாடும் இதன் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. இத்தகைய விபத்துகளை அடுத்து, பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பு 2003இல் மொழித்திறன் விதிகளை வகுத்தது.

2025 ஜூன் 19 அன்று குவஹாத்தியிலிருந்து வந்த இண்டிகோ வானூர்தி, சென்னையில் தரையிறங்க இயலாமல் பெங்களூருக்குத் திருப்பப்பட்டது. எரிபொருள் குறைந்ததால் அதன் வானோடி மேடே அழைப்பு விடுத்தார். வானூர்தி பெங்களூரில் பாதுகாப்பாகத் தரையிறங்கியது.