பச்சைக்கு இரண்டு பச்சை

கியூட் என்னும் நிரல் நூலகத்தில் பச்சை இரண்டு உண்டு. நூலகத்துக்குள்ளேயே வரையறுத்து வைத்த மாறிலியான 'கிரீன்' கண்ணைப் பறிக்கும். அதில் பச்சை ஒளியின் அளவு 255. அதே சொல்லை மேற்கோள் குறிக்குள் இட்டு, எழுத்துச் சரமாகக் கொடுத்தால் 128 ஆகி, இருண்டுபோகும். சாம்பல் இன்னும் வேடிக்கை. சரமாக 'டார்க்கிரே' என்று எழுதினால், வெறும் 'கிரே'யை விட வெளிறிய நிறம் வரும். இதைப் பிழை என்று திருத்தப் போனவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார்கள். அது பிழையல்ல, வரலாறு.

கியூட் நோர்வேயில் பிறந்தது. ஹோவார்ட் நோர்ட், ஐரிக் ஷாம்பே-எங் இருவரும் 1994இல் தொடங்கிய நிறுவனமே பின்னர் ட்ரோல்டெக் ஆனது. அதே ஆண்டு ஒக்டோபரில், ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் இருந்த இன்னொரு நோர்வேஜியர் ஹோக்கூன் வியும் லீ, இணையப் பக்கங்களுக்கான சி.எஸ்.எஸ். என்ற நடைத்தாளை முன்மொழிந்தார். 1996இல் வந்த அதன் முதற் பதிப்பு பதினாறு நிறப்பெயர்களை மட்டுமே பட்டியலிட்டது. அவை பழைய வி.ஜி.ஏ. திரைகளின் நிறங்கள். அங்கே 'கிரீன்' இருண்டது. பளிச்சென்ற பச்சைக்கு 'லைம்' என்று பெயர்.

மற்றப் பெயர்கள் யூனிக்ஸ் கணினிகளின் எக்ஸ் சாளர அமைப்பிலிருந்து வந்தன. எண்பதுகளில் அதன் பட்டியலை நீட்டியவர்கள் பெயிண்ட் கடை மாதிரிகளையும் கிரேயோலா மெழுகுப் பென்சில் பெட்டியையும் பார்த்து எழுதினார்கள். இரு பட்டியல்களும் ஒன்றாகியபோது சாம்பல் தலைகீழானது. கியூட்டும் பிற்பாடு சரங்களுக்கு இந்த இணையப் பட்டியலையே ஏற்றது; தன் மாறிலிகளை மாற்றவில்லை. ஏற்கெனவே எழுதிய நிரல்கள் உடைந்துவிடுமே!

அந்தப் பட்டியலில் நம் பக்கத்துப் பெயர் ஒன்றும் இருக்கிறது: 'இந்தியன்ரெட்', இந்தியாவின் செம்மண் நிறமியின் பெயர். அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிக்கிறது என்று பிள்ளைகள் நினைத்ததால், 1999இல் கிரேயோலா அதை 'செஸ்நட்' ஆக்கியது. கணினியில் மட்டும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

பட்டியலில் புதிதாக ஒரு பெயர் சேர்வது அபூர்வம். 2014இல் ஒன்று சேர்ந்தது. சி.எஸ்.எஸ். வல்லுநர் எரிக் மேயரின் மகள் ரெபெக்கா ஆறாவது பிறந்தநாளன்று இறந்துபோனாள். அவளுக்குப் பிடித்த ஊதாவுக்கு 'ரெபெக்காபர்ப்பிள்' என்று பெயரிட்டார்கள்.

ஆளின் பெயரை நிறத்துக்குச் சூட்டுவது நமக்குப் புதிதல்ல. எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய காஞ்சிப் பட்டின் நீலத்தைக் கடைகளில் இன்றும் 'எம்.எஸ். ப்ளூ' என்றுதான் கேட்கிறார்கள். அரக்கு, மயில்கழுத்து, கிளிப்பச்சை, வெங்காயச் சருகு என்று அந்த மேசையில் புழங்கும் பட்டியல் நீளம். ஒன்றுக்கும் எண் கிடையாது. ஒஸ்லோவில் வளர்ந்த பிள்ளைக்கு அம்மாவின் கூறைச் சேலை 'மெரூன்'. அந்தச் சொல் சி.எஸ்.எஸ்.இன் பதினாறில் ஒன்று, சிவப்பு 128. அம்மா அதை அரக்கு என்கிறாள்.